‘இல்லை, டாக்டர்’ என்று சொல்லும் தைரியம்

மாலைப் பணி நேரம். வார்டில் செவிலியர் ஒருவர் மட்டும் இருக்கிறார். தொலைபேசி ஒலிக்கிறது. மறுமுனையில் பேசுபவர் தன்னை மருத்துவர் ஸ்மித் என்கிறார். அந்தக் குரலைச் செவிலியர் அதற்கு முன் கேட்டதே இல்லை. மருந்து அலமாரியில் ‘ஆஸ்ட்ரோடென்’ என்றொரு மாத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். இருக்கிறது. இன்ன நோயாளிக்கு அதில் 20 மில்லிகிராம் உடனே கொடுத்துவிடுங்கள், நான் வந்ததும் கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி வைத்துவிடுகிறார். மாத்திரைப் பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது: வழக்கமான அளவு 5 மில்லிகிராம், ஒரு நாளைக்கு அதிகபட்சம் 10.

சார்ல்ஸ் ஹாஃப்லிங் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1966இல் வெளியிட்ட ஆய்வு இது. அழைக்கப்பட்ட 22 செவிலியர்களில் 21 பேர் மருந்தை எடுத்துக்கொண்டு நோயாளியின் படுக்கையை நோக்கி நடந்தார்கள். அருகில் காத்திருந்த ஆய்வாளர் இடையில் புகுந்து தடுத்தார். மாத்திரையில் இருந்தது வெறும் குளுக்கோஸ். தொலைபேசியில் வரும் உத்தரவை ஏற்கக் கூடாது என்பது அந்த மருத்துவமனைகளின் விதி. அனுமதிப் பட்டியலில் இல்லாத மருந்து அது. அளவோ பெட்டியில் எழுதியிருந்த அதிகபட்சத்தின் இரு மடங்கு. 

இதே சூழ்நிலையைத் தாளில் எழுதி, ‘நீங்கள் என்ன செய்வீர்கள்?’ என்று வேறு 12 செவிலியர்களிடம் கேட்டபோது 10 பேர் கொடுக்க மாட்டோம் என்றார்கள். செவிலிய மாணவிகள் 21 பேரிடம் கேட்டபோது, 21 பேரும் மறுப்போம் என்றார்கள்.

இந்த ஆய்வைச் சொல்லிவிட்டு ‘பார்த்தீர்களா, நர்ஸ்களுக்குத் தன்னம்பிக்கை போதாது’ என்று முடிப்பவர்கள் நிறைய. அவர்கள் 1977ஆம் ஆண்டு வரை காத்திருப்பதில்லை. அந்த ஆண்டு ராங்க், ஜேக்கப்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். முக்கியமான இரண்டு மாற்றங்களைச் செய்தார்கள். பெயர் தெரியாத மருந்துக்குப் பதிலாகச் செவிலியர்கள் நன்கு அறிந்த வேலியம். தனியாக நிற்கும் செவிலியருக்குப் பதிலாக, பக்கத்தில் இருப்பவரிடம் ‘இது சரியா?’ என்று கேட்க வாய்ப்புள்ள செவிலியர். இந்த முறை 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை.

இடைப்பட்ட ஆண்டுகளில் செவிலியர்களின் சுயமதிப்பு உயர்ந்திருக்கலாம் என்றும் அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள். இருக்கட்டும். ஆனால் அந்த 16 பேரின் கையில் இருந்தவற்றைப் பாருங்கள்: தெரிந்த மருந்து, கேட்க ஓர் ஆள். மருந்தைப் பற்றிய அறிவும் பக்கத்தில் ஒரு சக செவிலியரும் இருந்தபோது, மருத்துவரின் உத்தரவுக்கு ‘இல்லை’ என்று சொல்ல முடிந்தது.

நம் ஊர் மருத்துவமனைகளில் செவிலியர்களின் தன்னம்பிக்கை பற்றியும் வேலை ஆர்வம் பற்றியும் நடக்கும் பேச்சு எல்லாம் இந்த இடத்தில்தான் தடம் மாறுகிறது. மே 12, ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள், உலகச் செவிலியர் தினம். மெழுகுவத்தி ஏற்றுவார்கள், உறுதிமொழி எடுப்பார்கள், சிறப்பு விருந்தினர் வந்து ‘உங்களை நீங்கள் நம்புங்கள்’ என்று பேசுவார். தன்னம்பிக்கையை ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்பது போலவும், கொண்டுவராதவருக்கு ஒரு பேச்சாளர் ஊட்டிவிடலாம் என்பது போலவும் அந்த மேடை நினைக்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை. செவிலியரின் தன்னம்பிக்கை வார்டில் உண்டாகிறது, வார்டில்தான் உடைகிறது. அதை உண்டாக்குவதும் உடைப்பதும் பெரும்பாலும் நிர்வாகத்தின் கையில் இருக்கிற காரியங்கள்.

முதல் வருடம்

படிப்பை முடித்துவிட்டு முதல் முறை தனியாக நைட் டியூட்டி பார்க்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் எல்லாம் தெரியும். பெரியவர் ஒருவருக்கு நரம்பு கிடைக்கவில்லை, இரண்டாவது முறையும் ஊசி தவறுகிறது. ‘ஏம்மா, புதுசா? பெரிய சிஸ்டரைக் கூப்பிடு’ என்கிறார் பக்கத்தில் நிற்கும் மகன். அந்த நேரத்தில் பெரிய சிஸ்டர் வந்து என்ன செய்கிறார் என்பதில் அந்தப் பெண்ணின் அடுத்த பத்து வருடம் இருக்கிறது. ஊசியைப் பிடுங்கித் தானே போட்டுவிட்டு எல்லோர் முன்னாலும் திட்டிவிட்டுப் போகலாம். கையைப் பிடித்து ‘இங்க தொட்டுப் பாரு, தெரியுதா? இப்ப நீயே போடு’ என்று அருகிலேயே நிற்கலாம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைக் கோட்பாடாகவே வகுத்தது. ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை ஒருவருக்கு நான்கு வழியாக வருகிறது என்றார். அவற்றில் வலுவானது, தானே ஒருமுறை செய்து முடித்த அனுபவம். தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது அடுத்தது. பிறர் சொல்லும் ஊக்க வார்த்தை அதற்கும் பிறகுதான் வருகிறது. மே 12 மேடை நம்பியிருப்பது இந்த ஒன்றை மட்டும்தான். நான்காவது, உடலின் நிலை. நெஞ்சு படபடக்கும்போது, தூக்கமில்லாமல் கை நடுங்கும்போது ‘என்னால் முடியாது’ என்று மனம் தீர்ப்பு எழுதிவிடுகிறது. தொடர்ந்து நைட் டியூட்டி பார்த்துவிட்டு, ஆள் இல்லை என்று பகல் பணிக்கும் நிறுத்தப்பட்ட செவிலியருக்கு எந்த ஊக்கப் பேச்சும் காதில் ஏறாது.

பாட்ரீசியா பென்னர் என்ற அமெரிக்கச் செவிலியப் பேராசிரியர் 1984இல் வெளியிட்ட நூலில், புதியவர் ஒருவர் தேர்ந்த செவிலியராக மாறும் பாதையை ஐந்து படிகளாகக் காட்டினார். கடைசிப் படியில் நிற்பவர் நோயாளியின் முகத்தைப் பார்த்தே ‘இவருக்கு ஏதோ சரியில்லை’ என்று சொல்லிவிடுவார். பி.பி., நாடித்துடிப்பு எல்லாம் அதற்குப் பிறகுதான் மாறத் தொடங்கும். எந்த அரசு மருத்துவமனை வார்டிலும் அப்படி ஒரு சிஸ்டர் இருப்பார். டியூட்டி டாக்டர்களுக்கும் அது தெரியும்; ‘அவங்க கூப்பிட்டா உடனே போயிடணும்’ என்று ஜூனியர்களுக்குச் சொல்லி வைப்பார்கள். அந்தப் பார்வை ஒரே வகையான வார்டில் வருடக்கணக்கில் நின்றதால் வந்தது. ஆள் பற்றாக்குறைக்காக இன்று மகப்பேறு, நாளை எலும்பு முறிவு, மறுநாள் அவசரப் பிரிவு என்று மாற்றி மாற்றி அனுப்பப்படுபவர் என்றைக்குமே புதியவராகத்தான் இருப்பார்.

சுற்றி வளைத்துச் சொல்லுதல்

காலை ரவுண்ட்ஸ். பெரிய டாக்டர் முன்னால், மற்றவர்கள் பின்னால், கேஸ் ஷீட்களோடு சிஸ்டர் கடைசியில். நோயாளி இரவு எத்தனை முறை எழுந்து உட்கார்ந்தார், சிறுநீர் எவ்வளவு போயிற்று, மாத்திரையை உண்மையில் விழுங்கினாரா, யார் வந்து பார்த்த பிறகு அழுதார் என்பதெல்லாம் தெரிந்தவர் அந்தக் கடைசியில் நிற்பவர்தான். அவரிடம் எத்தனை கேள்வி கேட்கப்படுகிறது?

லியோனார்ட் ஸ்டீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1967இல் இதை ஒரு விளையாட்டு என்று எழுதினார். செவிலியர் யோசனை சொல்ல வேண்டும். ஆனால் அது மருத்துவருக்கே தோன்றியது போல இருக்க வேண்டும். நம் வார்டுகளிலும் இந்த விளையாட்டு தினமும் நடக்கிறது. ‘இவருக்கு மூச்சு வாங்குது, லாசிக்ஸ் போடலாம்’ என்று சிஸ்டர் நேராகச் சொல்வதில்லை. ‘டாக்டர், போன தடவை இவருக்கு இதே மாதிரி இருந்தப்போ நீங்க வந்து ஒரு ஊசி போடச் சொன்னீங்க...’ என்று இழுப்பார். டாக்டர் ‘ஆமா, லாசிக்ஸ் போடுங்க’ என்பார். நோயாளி பிழைத்துக்கொள்வார். ஆனால் இந்த நாசூக்கைக் கற்றுக்கொள்ளாத இளம் செவிலியர், சொல்வதா வேண்டாமா என்று தயங்கி நிற்கும் ஐந்து நிமிடத்தில் என்ன ஆகும்?

இதற்கு மருந்து எளிமையானது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்த ஒரு பேசும் முறையை மருத்துவமனைகள் இப்போது உலகெங்கும் எடுத்துக்கொண்டுள்ளன. மருத்துவரைக் கூப்பிடும்போது செவிலியர் இந்த வரிசையில் பேச வேண்டும்: இப்போது என்ன நடக்கிறது, இவருடைய பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். மூன்றாவதையும் நான்காவதையும் சொல்வது செவிலியரின் கடமை என்று விதியே ஆகிவிடுகிறது. அவருடைய கருத்தைக் கேட்பது அதிகப்பிரசங்கித்தனத்துக்கு இடம் கொடுப்பது என்ற எண்ணம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. தைரியசாலி மட்டும் பேசும் இடமாக இருந்த தொலைபேசி, பேசித்தான் ஆக வேண்டிய இடமாகிறது.

தமிழ்நாடு செய்து காட்டியது

வெளிநாட்டு ஆய்வுகளை விடுவோம். செவிலியரை நம்பிப் பொறுப்பைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு.

2000களின் நடுவில் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் தலா மூன்று செவிலியர்களைப் பணியமர்த்தும் திட்டம் தொடங்கியது. மூன்று பேர் என்பதால் மூன்று ஷிஃப்ட். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆள் இருப்பார். அதுவரை சாயங்காலம் பூட்டுப் போட்டுவிடும் கட்டடங்கள் இரவில் விளக்கெரியும் இடங்களாயின. பக்கத்து ஊர் அக்காவுக்கு அங்கே சுகப்பிரசவம் ஆனதைப் பார்த்துத் தங்கையும் வந்தாள். அந்த நிலையங்களில் நடக்கும் பிரசவங்கள் பல மடங்காயின.

நள்ளிரவில் அங்கே நிற்கும் செவிலியரின் வேலையை யோசித்துப் பாருங்கள். வலியின் போக்கையும் சிசுவின் இதயத்துடிப்பையும் பார்டோகிராஃப் தாளில் கோடாக இழுத்துக்கொண்டே வர வேண்டும். குழந்தை வெளியே வந்ததும் ஆக்சிடோசின் ஊசி, நஞ்சு முழுதாக வந்ததா என்ற சோதனை, கர்ப்பப்பை சுருங்குகிறதா என்று வயிற்றில் கை வைத்துப் பார்ப்பது. ரத்தப்போக்கு மிஞ்சினால் முடிவெடுக்க நிமிடங்கள்தான் உண்டு. எல்லாவற்றையும் விடக் கடினமான முடிவு, ‘இது இங்கே முடியாது, மேலே அனுப்ப வேண்டும்’ என்று சரியான நேரத்தில் சொல்வது. சீக்கிரம் சொன்னால் ‘பயந்துவிட்டாள்’ என்பார்கள், தாமதித்தால் ஓர் உயிர். தன்னம்பிக்கை என்றால் எல்லாம் என்னால் முடியும் என்று நினைப்பது என்ற எண்ணம் இந்தப் பிரசவ அறையில் செல்லாது. தன் எல்லை எதுவென்று தெரிந்து, அதை உரக்கச் சொல்ல முடிகிறதே, அந்தத் தெளிவுக்குத்தான் அங்கே மதிப்பு.

2001–03இல் தமிழ்நாட்டில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 134 தாய்மார்கள் இறந்தார்கள். 2018–20இல் அந்த எண் 54. நாட்டின் சராசரி அப்போது 97. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம், 108 ஆம்புலன்ஸ், ஒவ்வொரு தாயின் மரணத்தையும் விசாரித்துக் காரணம் காணும் தணிக்கை என்று இதற்குப் பல கைகள் உண்டு. இரவில் கதவைத் திறந்து வைத்திருந்த அந்த மூன்று செவிலியர்களின் கையும் அதில் உண்டு.

அவர்களுக்கு நாம் திருப்பிக் கொடுத்தது என்ன?

தொகுப்பூதியம்

மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்திய தேர்வை எழுதி, தகுதி பெற்று, 2015இல் ஆயிரக்கணக்கான செவிலியர்கள் அரசுப் பணிக்கு வந்தார்கள். மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். இரண்டு வருடத்தில் காலமுறை ஊதியத்துக்கு மாற்றப்படுவோம் என்று நம்பி வந்தவர்கள் அவர்கள். இரண்டு வருடம் கடந்தது. 2017 நவம்பரில் சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் வெறும் தரையில் உட்கார்ந்தார்கள். கைக்குழந்தையோடு வந்தவர்களும் இருந்தார்கள். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு கலைந்தார்கள். ஊதியம் பின்னர் 14,000 ஆகி, 2023இல் 18,000 ஆனது. ஒரே வார்டில், ஒரே ஷிஃப்டில், ஒரே வேலையைப் பார்க்கும் நிரந்தரச் செவிலியர் அதைவிடப் பல மடங்கு வாங்குகிறார். கொரோனா காலத்தில் அவசரமாக அழைத்துச் சேர்க்கப்பட்டவர்களில் 2,300க்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம், 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு நீட்டிக்கப்படாமல் முடிக்கப்பட்டது. கவச உடைக்குள் வியர்த்து நின்றவர்கள் அவர்கள்.

ஊதியத்துக்கும் ஊக்கத்துக்கும் தொடர்பில்லை என்று மேலாண்மை வகுப்புகளில் ஒரு பாடம் சொல்வார்கள். 1959இல் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் எழுதியதைத் துணைக்கு அழைப்பார்கள்: சம்பளம் குறைந்தால் மனக்குறை வரும், கூடினால் ஊக்கம் வராது, அங்கீகாரமும் பொறுப்பும்தான் ஊக்கம் தரும் என்று. ஹெர்ஸ்பர்க் பேட்டி கண்டது பிட்ஸ்பர்க் பகுதியின் பொறியாளர்களையும் கணக்காளர்களையும். அவர்களில் யாரும் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்ற கேள்வியோடு ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்கவில்லை. நிரந்தரமற்ற வேலை, தவறைச் சுட்டிக்காட்டும் வாயையே முதலில் அடைக்கிறது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரிடம் ‘சார், இந்த டோஸ் தப்பு’ என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? அந்த வகையில் பணிப் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்புதான்.

தனியார் துறையில் நிலைமை இன்னும் மோசம். அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு வருடக்கணக்கில் கட்டிப்போடும் வழக்கம் பற்றிச் செவிலியர் அமைப்புகள் நீண்ட காலமாகக் குரல் கொடுத்துவருகின்றன. இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னதன்படி மத்திய அரசு ஒரு குழு அமைத்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ள தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், 50 படுக்கைகளுக்குக் குறைந்தவற்றில்கூடக் குறைந்தது 20,000 ரூபாய் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. கேரளத்தில் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2018இல் 20,000 ரூபாய் குறைந்தபட்ச ஊதிய அறிவிப்பைப் பெற்றார்கள். பரிந்துரை எல்லா மாநிலங்களுக்கும்தான் போயிற்று.

ஒரு செவிலியர், எத்தனை நோயாளிகள்?

கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், மற்றவற்றில் ஐந்து பேருக்கு ஒருவர் என்பது இந்தியச் செவிலியர் மன்றத்தின் நெறி. நம்மில் யாரும் உறவினரைப் பார்க்கப் போன பொது வார்டில் இந்தக் கணக்கைக் கண்டதில்லை. ஒரு சிஸ்டர் நாற்பது படுக்கைகளுக்கு நடுவில் ஓடுவதைத்தான் பார்த்திருக்கிறோம்.

இந்த எண்ணிக்கைக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பை ஆய்வாளர் லிண்டா எய்கனின் குழு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் அளந்து 2002இல் வெளியிட்டது. 168 மருத்துவமனைகள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்கள். ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது, அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்ந்தது. செவிலியர் மனம் சோர்ந்து எரிந்துபோகும் வாய்ப்பு 23 சதவீதம். ஆய்வில் ஒப்பிட்டது, நான்கு நோயாளிகளைப் பார்ப்பவரையும் எட்டு பேரைப் பார்ப்பவரையும். நாற்பது என்ற எண்ணுக்கு அங்கே இடமே இல்லை. கலிஃபோர்னியா மாநிலம் 2004 முதல் இந்த விகிதத்தைச் சட்டமாகவே நடைமுறைப்படுத்துகிறது.

நாற்பது பேரைப் பார்ப்பவருக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒன்று உறுத்தும்: கடைசிப் படுக்கைக்காரர் ஏதோ சொல்ல வந்தார், நிற்கவில்லையே. தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்ற எண்ணம் நாள்தோறும் சேர்ந்தால், திறமை இருந்தும் ஒருவர் தன்னை நம்ப மாட்டார். வெளியே அது எரிச்சலாகத் தெரிகிறது. ‘கவர்மென்ட் ஆஸ்பத்திரி நர்ஸ் எரிஞ்சு விழுவாங்க’ என்று நாம் சொல்லும் புகாருக்குள் இந்தக் குற்றவுணர்வு இருக்கிறது.

கே.இ.எம். செவிலியர்கள்

பணம், ஆள் எல்லாம் சரி, அதற்கு மேலே ஒன்று இந்தத் தொழிலில் இருக்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனையின் செவிலியர் அருணா ஷான்பாக், 1973 நவம்பரில் பணியிடத்திலேயே துப்புரவுப் பணியாளர் ஒருவரால் கொடூரமாகத் தாக்கப்பட்டு, மூளை பாதிக்கப்பட்டு நினைவிழந்தார். 2015 மே மாதம் இறக்கும் வரை, 41 ஆண்டுகளுக்கு மேல் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்துப் பார்த்துக்கொண்டவர்கள் அந்த மருத்துவமனைச் செவிலியர்கள். அருணாவோடு வேலை பார்த்தவர்கள் ஓய்வு பெற்றார்கள். அவர் நடந்து திரிந்ததைப் பார்த்தே இராத தலைமுறை பொறுப்பேற்றது. கருணைக் கொலைக்கான மனு உச்ச நீதிமன்றத்துக்குப் போனபோது அவர்கள் எதிர்த்தார்கள். 2011 மார்ச்சில் வந்த தீர்ப்பு மனுவை ஏற்கவில்லை. அருணாவுக்காகப் பேசும் உரிமை அந்த மருத்துவமனை ஊழியர்களுக்கே என்றது. அவர்களுடைய பராமரிப்பை நீதிபதிகள் மனம் நெகிழ்ந்து பாராட்டினார்கள்.

இதைச் சொல்லும்போது எனக்கு ஓர் அச்சமும் உண்டு. சேவை, தியாகம், தாயுள்ளம் என்ற சொற்களை வைத்துத்தான் இத்தனை காலம் செவிலியரின் ஊதியத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம். கே.இ.எம். செவிலியர்கள் அப்படிச் சும்மா இருந்தவர்கள் அல்ல. அருணா தாக்கப்பட்டதும் பாதுகாப்புக் கேட்டு வேலைநிறுத்தம் செய்தவர்கள். அவரை அங்கிருந்து அகற்ற மாநகராட்சி முயன்றபோது மறுபடியும் எழுந்து தடுத்தவர்கள். அன்பும் உரிமைக்குரலும் ஒரே ஆட்களிடம் இருந்தன.

தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவோரைத் தண்டிக்க 2008ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. இருந்தும், நோயாளி இறந்துபோனால் முதல் அடியும் முதல் வசவும் வார்டில் எதிரே நிற்கும் சிஸ்டருக்குத்தான். அந்த நேரத்தில் மருத்துவமனையின் தலைமை யார் பக்கம் நின்றது என்பதை மற்ற செவிலியர்கள் அனைவரும் கவனிக்கிறார்கள். விசாரணைக்கு முன்பே மெமோ கொடுக்கும் இடத்தில் அடுத்த நாளிலிருந்து யாரும் பொறுப்பெடுக்க மாட்டார்கள். எழுதியதை மட்டும் செய்வார்கள்.

தலைமை செவிலியர் பக்கம் நிற்கும் இடம் எப்படி இருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் கடும் செவிலியர் பற்றாக்குறை இருந்தபோதும், 41 மருத்துவமனைகளில் செவிலியர்கள் விட்டுப்போகாமல் இருந்தார்கள். அமெரிக்கச் செவிலியக் கழகம் அதன் காரணத்தை ஆராய்ந்தது. வார்டு சிஸ்டருக்கு உண்மையான அதிகாரம் இருந்தது. செவிலியப் பிரிவின் தலைவர் மருத்துவமனை முடிவெடுக்கும் மேசையில் உட்கார்ந்திருந்தார். டியூட்டி அட்டவணை போடுவதில் செவிலியர்களுக்கும் பங்கு இருந்தது. போதிய ஆட்களும் இருந்தார்கள். மந்திரம் ஒன்றும் இல்லை.

நம் மருத்துவமனைகளில் இதையெல்லாம் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது தெரியும். ஒன்றை மட்டும் உடனே செய்யலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவமனைகளில் 2014 முதல் ஒவ்வொரு வார்டின் வாசலிலும், இந்த ஷிஃப்டுக்கு இருக்க வேண்டிய செவிலியர் எத்தனை பேர், இருப்பவர் எத்தனை பேர் என்று எழுதி வைக்கிறார்கள். ஒரு மருத்துவமனையில் நடந்த பெரும் அலட்சியம் விசாரணையில் வெளிவந்த பிறகு வந்த ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை, சுகாதாரத் துறையின் ஒரு சுற்றறிக்கை போதும். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை எல்லாவற்றிலும் வார்டு வாசலில் பலகை வையுங்கள்: நோயாளிகள் இத்தனை, நெறிப்படி செவிலியர் இத்தனை, இன்று இத்தனை. சிஸ்டரிடம் சத்தம் போட வரும் உறவினர் முதலில் அதைப் படிக்கட்டும். யாரிடம் போய்ச் சத்தம் போட வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.